மாலத்தீவுப் பயணம்: படகுச் செலவையும் எழுதுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாலத்தீவைப் பற்றிப் பத்திரிகைகளின் பயணப் பக்கங்களில் வரும் கட்டுரைகளில் கடலின் நிறமும் தண்ணீர்மேல் கட்டிய குடில்களும் விரிவாக வருணிக்கப்படுகின்றன. ஆனால் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் குடும்பத்தோடு அங்கே போக நினைப்பவருக்கு முதலில் தெரிய வேண்டியது, விமான நிலையத்திலிருந்து தங்கும் தீவுக்கு எப்படிப் போவது, அதற்கு எவ்வளவு ஆகும் என்பதுதான். அது பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது.

வேலானா பன்னாட்டு விமான நிலையம் ஹுல்ஹுலே என்னும் தனித் தீவில் இருக்கிறது. வருகைக் கூடத்தை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே படகுத்துறை. தலைநகர் மாலேக்கும் பக்கத்திலுள்ள ஹுல்ஹுமாலே தீவுக்கும் மட்டுமே சாலை வழி உண்டு. மாலேயை இணைக்கும் பாலம் 2018இல் திறக்கப்பட்டது. மற்ற எந்தத் தீவுக்கும் கடல் வழியாகவோ வான் வழியாகவோதான் போக வேண்டும். தொலைவிலுள்ள உல்லாச விடுதிகளுக்குக் கடல் விமானத்தில் போய்வர ஓர் ஆளுக்கே பல நூறு டாலர் ஆகிறது. அறை வாடகையை மட்டும் காட்டும் விளம்பரங்களில் இந்தத் தொகை பலசமயம் இருப்பதில்லை. கடல் விமானங்கள் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறப்பதால், மாலையில் வந்து இறங்குபவர் அன்றிரவு மாலேயிலோ ஹுல்ஹுமாலேயிலோ தங்கியாக வேண்டும். அந்த வாடகையும் அவர் கணக்கில்தான் சேரும். ஆகவே பயணச்சீட்டு வாங்கும்போதே விமானம் இறங்கும் நேரத்தைப் பார்ப்பது மிக முக்கியம்.

நடுத்தரக் குடும்பங்களுக்கு ஏற்றவை மக்கள் வாழும் தீவுகளிலுள்ள விருந்தினர் இல்லங்களே. மாலேக்குத் தெற்கே உள்ள மாஃபுஷி இவற்றுள் பெயர் பெற்றது. விசைப்படகில் ஒரு மணி நேரத்துக்குள் அங்கே போய்விடலாம். உள்ளூர் மக்கள் பயணம் செய்யும் பொதுப் படகில் கூடுதல் நேரம் ஆனாலும் கட்டணம் மிகக் குறைவு. ஆனால் அந்நாட்டில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். பெரும்பாலான வழித்தடங்களில் வெள்ளிக்கிழமை பொதுப் படகு ஓடாது. பொதுப் படகை நம்பி வியாழன் இரவு போய் இறங்குவது பணத்தையும் ஒரு நாளையும் வீணாக்கும்.

அடுத்தது வரி. சுற்றுச்சூழலுக்கென்று சுற்றுலாப் பயணிகளிடம் வாங்கும் பசுமை வரி 2025 ஜனவரி முதல் இரு மடங்காகியுள்ளது. உல்லாச விடுதிகளில் ஒருவருக்கு ஓர் இரவுக்கு 12 டாலர், மக்கள் வாழும் தீவுகளிலுள்ள சிறு விருந்தினர் இல்லங்களில் 6 டாலர். நால்வர் கொண்ட குடும்பம் நான்கு இரவு தங்கினால், சிறு இல்லத்திலேயே இந்த வரி மட்டும் 96 டாலர். இதைத் தவிர, 2025 ஜூலை முதல் சுற்றுலாச் சேவைகளுக்கு 17 விழுக்காடு வரியும், வழக்கமான 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் உண்டு. முகவர் சொல்லும் தொகையில் இவையெல்லாம் அடங்குமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே முன்பணம் தர வேண்டும் என்று வாசகர்களை வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன்.

சுற்றுலாப் பயணிகள் முன்கூட்டி விசா வாங்க வேண்டியதில்லை. ஆனால் பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் அந்நாட்டுக் குடிவரவுத் துறையின் 'இமுகா' இணையதளத்தில் பயண விவரத்தைப் பதிவு செய்ய வேண்டும். அது இலவசம். வழிபாட்டுச் சிலைகளைக் கொண்டுவர அந்நாட்டுச் சட்டம் அனுமதிப்பதில்லை என்பதை நம்மவர்களுக்குத் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. வழித்துணையாகச் சிறு பிள்ளையாரையோ முருகனையோ பையில் வைத்துக்கொள்ளும் பெரியவர்கள் நம்மிடையே ஏராளம். சுங்கத்தில் எல்லாப் பைகளும் ஊடுகதிரில் சோதிக்கப்படுகின்றன. அங்கே நின்று மனம் கலங்குவதைவிட வீட்டுப் பூசையறையிலேயே கும்பிட்டுவிட்டுப் புறப்படுவது நல்லது. மது, பன்றி இறைச்சி, மின்-சிகரெட் ஆகியவற்றைக் கொண்டுவரவும் தடை உண்டு.

சைவ உணவுக்காரர்கள் சிறு தீவுகளில் தங்குவதானால் முன்கூட்டியே சொல்லி வைப்பது அவசியம். காலை உணவான மாசுனியிலேயே தேங்காயோடு சூரை மீன் சேர்ந்திருக்கும். காய்கறியில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்தே வருகிறது. தூத்துக்குடித் தோணிகள் மாலேக்குச் சரக்கு ஏற்றிச் செல்வதை நம் கடற்கரை மக்கள் நன்கறிவர்.

பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை விடும் மே மாதத்தில்தான் அங்கே தென்மேற்குப் பருவக்காற்று தொடங்குகிறது. கடல் கொந்தளிக்கும் நாட்களில் விசைப்படகுப் பயணம் குழந்தைகளுக்கும் முதியோருக்கும் கடினமானது. முடிந்தவர்கள் டிசம்பர் முதல் ஏப்ரல் வரையிலான வறண்ட பருவத்தைத் தேர்ந்துகொள்ளலாம்.

தங்கள் பயணப் பக்கத்தில் இனி எந்தத் தீவு நாட்டைப் பற்றி எழுதினாலும் படகுக் கட்டணம், வரி, படகு ஓடாத நாள் ஆகியவற்றை ஒரு கட்டத்துக்குள் தனியே வெளியிட வேண்டுகிறேன். மாலத்தீவில் 2025ஆம் ஆண்டில் மட்டும் இரண்டு வரிகள் உயர்ந்திருப்பதால், விவரம் எந்தத் தேதியில் திரட்டப்பட்டது என்பதையும் அதன்கீழ் அச்சிட வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
பாளையங்கோட்டை.