தலையில் அடிபட்டவரைச் சோதிக்க நேரம் கொடுங்கள்: கால்பந்து விதிகளை வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

சர்வதேசக் கால்பந்துச் சங்க வாரியத்தின் மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

தலையில் அடிபட்ட ஆட்டக்காரரை வெளியே அழைத்துச் சென்று மருத்துவர் சோதித்து முடிக்கும்வரை, அவருக்குப் பதிலாக இன்னொருவர் தற்காலிகமாக ஆட அனுமதிக்க வேண்டும் என்ற கோரிக்கை உங்களுக்குப் புதிதல்ல. இங்கிலாந்து, பிரான்ஸ், அமெரிக்க லீகுகள் இதைச் சோதனை முறையிலாவது செய்து பார்க்க அனுமதி கேட்டபோது, 2023 ஜனவரியில் நீங்கள் இணங்கவில்லை. மூளையதிர்ச்சிக்கான நிரந்தர மாற்று வீரர் முறை, அதாவது வெளியேறியவர் திரும்பி வர முடியாத முறை, 2021 முதல் சோதனையில் இருந்து, 2024-இல் விதிப்புத்தகத்திலும் இடம்பெற்றுவிட்டது. அது போதாது என்று சொல்லவே இந்த மடலை எழுதுகிறேன்.

ஐரோப்பியக் கழகங்களுக்கான சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம் நெருங்கும்போதெல்லாம், 2018 இறுதி ஆட்டத்தில் கோல்கீப்பர் லோரிஸ் கரியஸ் செய்த இரண்டு தவறுகளும் கேலிக் காணொளிகளாக மீண்டும் சுற்றுக்கு வருகின்றன. அவற்றைப் பார்த்துச் சிரிப்பவர்களில் பலருக்கு அதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்பது தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

2018 மே 26, கீவ் நகரம். இரண்டாம் பாதி தொடங்கிய சற்று நேரத்தில் ரியல் மாட்ரிட்டின் செர்ஜியோ ராமோஸுடைய முழங்கை பட்டு, லிவர்பூல் கோல்கீப்பரான கரியஸ் கீழே விழுந்தார். எழுந்து ஆட்டத்தைத் தொடர்ந்தார். சில நிமிடங்களில் அவர் சக வீரருக்குக் கையால் உருட்டிவிட்ட பந்து, பக்கத்தில் நின்ற கரீம் பென்சிமா நீட்டிய காலில் பட்டுக் கோலுக்குள் போனது. 83-ஆம் நிமிடத்தில் கேரத் பேல் வெகுதொலைவிலிருந்து அடித்த பந்து அவருடைய கைகளில் பட்டு நழுவி உள்ளே விழுந்தது. 3-1 என்று ரியல் மாட்ரிட் வென்று ஆட்டம் முடிந்ததும், 24 வயதே ஆன அந்த இளைஞர் ரசிகர்கள் இருந்த பக்கம் தனியே நடந்து போய், கண்ணீரோடு கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். ஐந்து நாள் கழித்து பாஸ்டனில் அவரைப் பரிசோதித்த மருத்துவர்கள், அவருக்கு மூளையதிர்ச்சி ஏற்பட்டிருந்தது என்றும், இடத்தையும் தூரத்தையும் கண்ணால் கணிக்கும் திறன் அந்த மோதலை அடுத்தே குறைந்திருக்கக்கூடும் என்றும் தெரிவித்தனர்.

அந்த முடிவு வெளியானபோது அதைச் சாக்கு என்றார்கள். இரண்டு மாதத்துக்குள் அலிசன் புதிய கோல்கீப்பராக வந்து சேர்ந்தார். 2022 வரை ஒப்பந்தம் இருந்தும் கரியஸ் லிவர்பூலுக்காக அதன்பின் ஓர் அதிகாரபூர்வ ஆட்டம்கூட ஆடவில்லை. ஜெர்மனியின் இளையோர் அணிகளில் ஆடிய அவருக்கு முதன்மைத் தேசிய அணியின் கதவு திறக்கவே இல்லை.

அடிபடாமல் இருந்திருந்தாலும் அந்தத் தவறுகளை அவர் செய்திருப்பார் என்று வாதிடுவோர் உண்டு. செய்திருக்கலாம். ஆனால் அதை அறிவதற்கான ஒரே வாய்ப்பு அவர் விழுந்து எழுந்த அந்தச் சில நிமிடங்களில்தான் இருந்தது. அந்த நேரத்தை உங்கள் விதிகள் எவருக்கும் கொடுக்கவில்லை. இன்றும் கொடுக்கவில்லை.

இப்போதுள்ள முறையில், அரங்கமே இரைய, நடுவர் காத்து நிற்க, மருத்துவர் புல்தரையில் மண்டியிட்டபடியே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. மாற்று வீரரை இறக்கி வெளியே எடுத்தால் அந்த ஆட்டக்காரர் திரும்ப முடியாது. வாழ்நாளில் ஒருமுறை வாய்க்கும் இறுதி ஆட்டத்தில், "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லாத ஆட்டக்காரர் யார்? 2014 உலகக் கோப்பை இறுதியில் தலையில் அடிபட்ட ஜெர்மனியின் கிறிஸ்டோஃப் கிராமர், இது இறுதி ஆட்டம்தானா என்று நடுவரிடமே கேட்கும் நிலையிலும் களத்தில்தான் இருந்தார். ரக்பியில் இத்தகைய சோதனைக்குத் தற்காலிக மாற்று வீரர் முறை பல ஆண்டுகளாக நடைமுறையில் இருக்கிறது. அங்கே முடிவது இங்கே ஏன் முடியாது?

ஒரு கணத்தை வைத்து ஒரு மனிதரின் வாழ்க்கைக்கே தீர்ப்பெழுதும் வழக்கம் இந்த ஆட்டத்தில் பழையது என்பதால் என் கோபம் உங்களோடு மட்டும் நிற்பதில்லை. 1950 உலகக் கோப்பையில் மரகானா அரங்கில் உருகுவேயின் கிஜியா அடித்த கோலுக்காக பிரேசில் கோல்கீப்பர் மொவாசிர் பார்போசா 2000-இல் இறக்கும்வரை பழி சுமந்தார். 1993-இல் தேசிய அணியின் பயிற்சியைப் பார்க்கப் போனவரைத் திருப்பி அனுப்பினார்கள். 1994 உலகக் கோப்பையில் தன் அணிக்கே எதிராகக் கோல் போட்டுவிட்ட கொலம்பியாவின் ஆந்த்ரேஸ் எஸ்கோபார் பத்தே நாளில் சுட்டுக் கொல்லப்பட்டார். கூட்டத்தின் மனத்தை மாற்ற உங்களால் முடியாது. விதியை மாற்ற முடியும்.

உங்கள் எட்டு வாக்குகளில் நான்கு பிரிட்டன் சங்கங்களிடமும் நான்கு ஃபிஃபாவிடமும் இருக்கின்றன. ஆறு சேர்ந்தால் விதி மாறும். ஆகவே, மூளையதிர்ச்சி என்ற ஐயம் எழும்போது தற்காலிக மாற்று வீரரை அனுமதிக்கும் தீர்மானத்தை அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். உடனே விதியாக்கத் தயக்கம் இருந்தால், கேட்கும் லீகுகளுக்குச் சோதனை முறையிலாவது அனுமதி தாருங்கள். சோதனை முடிவை அணி மருத்துவரிடம் விடாமல், எந்த அணியையும் சாராத மருத்துவரிடம் ஒப்படையுங்கள். மறுப்பதாக இருந்தால், அதற்கான மருத்துவக் காரணத்தை எழுத்தில் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கால்பந்து ரசிகர் ஒருவர்