பரெய்ராவும் பிரான்ஸும்

அன்புள்ள செல்வம்,

மூன்று மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி மட்டும் அப்படியே.

போன வாரம் தூக்கம் வராமல் பழைய கால்பந்து உலகக் கோப்பை ஆட்டமொன்றைப் போட்டுப் பார்த்தேன். 2010, தென்னாப்பிரிக்கா – பிரான்ஸ். ஆட்டம் முடிந்து தென்னாப்பிரிக்காவின் கோச் கை நீட்டுகிறார். பிரான்ஸின் கோச் டொமெனெக் கை கொடுக்க மாட்டேன் என்கிறார். நீட்டிய கை யாருடையது தெரியுமா? நம் பரெய்ரா! 1994இல் பிரேசிலுக்குக் கோப்பை வாங்கித் தந்தவர். ராத்திரி ஒரு மணிக்கு ஆரம்பித்த அந்த ஃபைனலில், இத்தாலியின் பாஜியோ பெனால்டியை வானத்துக்கு அடித்தபோது நீ பாயில் குறட்டை விட்டாயே, அதேதான்.

அப்புறம் தோண்ட ஆரம்பித்தேன். தொழில்முறையாகப் பந்தே ஆடாத மனிதர். 1967இல், இருபத்து நாலு வயதில், கானா அணிக்குக் கோச். மொத்தம் ஆறு உலகக் கோப்பையில் கோச், ஐந்து நாடுகளுக்கு. அதில் நாலு தடவை பிரான்ஸ் எதிரே வந்து நிற்கிறது. 1982இல் குவைத்துடன் போனார். பிரான்ஸ் கோல் போட, கூட்டத்தில் யாரோ விசில் ஊதியதால்தான் நின்றுவிட்டோம் என்று குவைத் ஆட்கள் தகராறு. அமீரின் தம்பி ஷேக் ஃபகத் மைதானத்துக்குள்ளேயே இறங்கிவிட்டார். ரெஃப்ரீ கோலை ரத்து செய்தார்! அப்படியும் 4–1 என்று தோல்வி. 2006இல் பிரேசிலுடன் போனார்; ரொனால்டினோ, காகா எல்லாரையும் வைத்துக்கொண்டு காலிறுதியில் 1–0 என்று தோல்வி. கடைசியில் 2010இல் 2–1 என்று ஜெயித்தார். ஆனாலும் கோல் வித்தியாசத்தில் அணி போட்டியை விட்டே வெளியே. அதற்கும் கை கொடுக்கவில்லை பார்.

நடுவில் 1998ஐ வேண்டுமென்றுதான் விட்டேன். சவுதிக்குக் கோச், பிரான்ஸிடம் 4–0. இன்னும் ஒரு ஆட்டம் பாக்கி இருக்கும்போதே வேலையை விட்டுத் தூக்கிவிட்டார்கள்.

செல்வம், என்னையும் அப்படித்தான் அனுப்பினார்கள். பத்தொன்பது வருடம். மார்ச் கணக்கு முடியும்வரைகூடப் பொறுக்கவில்லை. எழுதாமல் இருந்தது அதனால்தான்.

அடுத்த வருடம், 1999இல், பரெய்ரா என்ன செய்தார் தெரியுமா? மூன்றாம் டிவிஷனுக்கு விழுந்துகிடந்த ஃப்ளூமினென்ஸே என்ற பிரேசில் கிளப்புக்குக் கோச்சாகப் போனார். உலகக் கோப்பை ஜெயித்தவர், மூன்றாம் டிவிஷன்! அந்தக் கோப்பையையும் வாங்கினார். எனக்கு 1994ஐவிட இதுதான் பெரிதாகத் தெரிகிறது. நீ ஒத்துக்கொள்ள மாட்டாய், அந்த 1994 அணியின் ரொமாரியோ என்று ஆரம்பிப்பாய்.

இங்கே ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதக் கூப்பிடுகிறார்கள். சம்பளம் பாதிதான். திங்கட்கிழமை போய்ப் பார்க்கிறேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. போனில் பேசினால் நீயும் உளறிவிடாதே.

உன்
ரகு