கல்லாவுக்கு இந்தப் பக்கத்திலிருந்து

அன்புள்ள அம்முணிக்கு,

அப்பா எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புங்கள் என்பாய். பேச ஆரம்பித்தால் உங்கம்மா நடுவில் புகுந்து வேறு கதைக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவாள், அதனால் எழுதிவிடுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் விட்டுவிட்டார்கள். நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை என்று உன் சித்தப்பா தினமும் வந்து புலம்பிவிட்டுப் போகிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதுதான் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 6.1 என்று வந்ததும் பயந்துபோய் அரிசி, சர்க்கரை, மைதா எல்லாவற்றையும் நிறுத்தி, மாவுச்சத்தைக் குறைக்கிற டயட்டில் இறங்கினாய். 5.7 முதல் 6.4 வரை சர்க்கரைநோய்க்கு முந்தைய கட்டம், 6.5 தொட்டால்தான் நோய் என்று என் டாக்டர் எனக்குச் சொன்னார். ஆக நீ வாசலில்தான் நிற்கிறாய். அதைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. "வீட்ல ஒழுங்காத்தானுங்கப்பா இருக்கேன், கடைக்குப் போனாத்தான் தோத்துப்போறேன், எனக்கு மன உறுதியே இல்லீங்க" என்றாயே, அதைக் கேட்டுச் சிரிப்பு வந்துவிட்டது. அம்முணி, நான் 31 வருஷம் மளிகைக் கடை வைத்திருந்தேனே, அதில் பாதி நேரம் உன்னை மாதிரி ஆட்களைத் தோற்கடிக்கிற வேலைதான் பார்த்தேன்.

நம் கடையில் கடலை மிட்டாய் பாட்டில் எங்கே இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில், ஏழு வயசுக் குழந்தையின் மூக்குக்கு நேராக. துவரம் பருப்பும் புளியும் உள்ளே மூட்டையில் கிடக்கும். அவற்றைக் கேட்டு வாங்குவார்கள், காட்ட வேண்டியதில்லை. தேன்மிட்டாயை யாரும் சீட்டில் எழுதிக்கொண்டு வருவதில்லை, அதனால் அது கண்ணில் பட்டாக வேண்டும். ஒரு ரூபாய் சில்லறை இல்லையென்றால் கையில் ஒரு மிட்டாயைத் திணித்துவிடுவேன். பிஸ்கட் கம்பெனி ஆள் வந்து வாசலிலேயே ராக் மாட்டிவிட்டு, அது அங்கேயே இருந்தால் மாதம் ஒரு பெட்டி இலவசம் என்பார். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கே இவ்வளவு தெரிந்தால், நீ போகிற சூப்பர் மார்க்கெட்டில் எதை எங்கே வைப்பது என்று சம்பளம் வாங்கிக்கொண்டு யோசிக்கிறவர்களுக்கு எவ்வளவு தெரிந்திருக்கும்? பாலைக் கடைசி மூலையில் ஏன் வைக்கிறார்கள் என்று பார். அரை லிட்டர் பாலுக்குப் போகிறவள் கேக், சிப்ஸ், ஜூஸ் எல்லாவற்றையும் தாண்டிப் போக வேண்டும், அதே வழியில் திரும்பியும் வர வேண்டும். பில்லுக்கு நிற்கிற இடத்தில் சாக்லேட். அங்கே நீ தோற்றதற்கு உன் மனசைத் திட்டிக்கொள்ளாதே.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். காலைச் சாப்பாடு முடித்துவிட்டு ஒன்பது மணிக்கு வருகிறவர் சீட்டில் உள்ளதை மட்டும் வாங்கிக்கொண்டு போவார். அதே ஆள் மில் விட்டு சாயங்காலம் ஆறு மணிக்கு வந்தால் மிக்சர் கால் கிலோ, பன் நாலு, முறுக்கு ஒரு பாக்கெட் என்று கூடச் சேரும். அவர் புத்தி மாறவில்லை, வயிறு காலி, அவ்வளவுதான். நீ ஆபீஸ் விட்டு நேராகக் கடைக்குப் போகிறாய். பையில் இரண்டு அவித்த முட்டையோ ஒரு கை வறுத்த நிலக்கடலையோ வைத்துக்கொள். அதைச் சாப்பிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு உள்ளே போ. சீட்டைக் கையால் எழுது. போனில் எழுதினால் அந்தப் போனே உனக்கு வேறு எதையாவது காட்டும்.

போன் என்றதும் நினைவுக்கு வருகிறது. பத்து நிமிடத்தில் சாமான் கொண்டுவந்து தருகிற ஆப் இருக்கிறதே, அதை எடுத்துவிடு. நம் கடை ராத்திரி ஒன்பதரைக்கு ஷட்டர் இறங்கிவிடும். அதற்கு மேல் யாருக்காவது ஐஸ்கிரீம் ஆசை வந்தாலும் படுத்துத் தூங்க வேண்டியதுதான், காலையில் எழுந்தால் அந்த ஆசை இருக்காது. அந்த ஷட்டர் எத்தனை பேரைக் காப்பாற்றியிருக்கும் என்று இப்போதுதான் தோன்றுகிறது.

நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். கடையில் ஒரு பாக்கெட் மிக்சரை ஒரு தடவை வேண்டாம் என்றால் முடிந்தது. வாங்கி வந்து அலமாரியில் வைத்தால், அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். 2021-இல் நான் சோற்றைக் குறைத்தபோது வீட்டில் மிக்சர், ரஸ்க், பொரி எல்லாம் "விருந்தாளிக்கு" என்று டப்பாவில் இருந்தன. விருந்தாளி மாதம் இரண்டு பேர் வந்தார்கள். டப்பா வாரம் இரண்டு தடவை காலியானது. கடைசியில் உங்கம்மாதான் சொன்னாள், "யாரு வந்தாலும் மோரும் வறுத்த கடலைக்காயும் குடுத்துக்கலாமுங்க, இனி அந்த டப்பா வேண்டாம்" என்று. அவள் எனக்குச் செய்த பெரிய உதவி அது. மாப்பிள்ளைக்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் தேவையில்லை என்கிறாய். சரி, அவர் தின்பண்டத்தை ஆபீஸில் சாப்பிடட்டும், அல்லது உனக்குப் பிடிக்காததாக வாங்கச் சொல். உனக்கு ரஸ்க் பிடிக்காது, எனக்குத் தெரியும்.

இனி என்ன வாங்குவது என்பது. கூகுளில் பார்த்து வெண்ணெய்ப்பழம், பாதாம் மாவு, ஏதோ வெளிநாட்டு விதை என்று 4,000 ரூபாய்க்கு வாங்கினாயாம், உங்கம்மா சொன்னாள். அவசியமே இல்லை. ஆதிமனிதன் சாப்பாடு என்று சொல்கிற பேலியோ டயட்காரர்கள் காலையில் நூறு பாதாம் என்று கணக்குச் சொல்வார்கள், கடலை ஆகாது என்பார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. கடலைக்காய் விளைகிற ஊரில் பிறந்துவிட்டு அதை எப்படி விடுவது? 100 கிராம் நிலக்கடலைப் பருப்பில் மாவுச்சத்து 16 கிராம்தான், அதிலும் பாதி நார். புரதம் 25 கிராம். ஆனால் அளந்து எடு, பாக்கெட்டோடு உட்காராதே. தேங்காயும் அப்படித்தான், 100 கிராமுக்கு 15, அதில் 9 நார். அப்புறம் முட்டை, கோழி, மீன், பனீர், தயிர், ஊத்துக்குளி வெண்ணெய். காயில் கத்தரி, வெண்டை, புடலை, பீர்க்கன், சுரை, பாகல், முட்டைக்கோஸ், கீரை எல்லாம் தாராளமாக. மண்ணுக்கு அடியில் விளைகிறதில் மட்டும் கொஞ்சம் யோசி. முள்ளங்கி பரவாயில்லை, உருளையும் சேனையும் மரவள்ளியும் ஆகாது. உழவர் சந்தையில் தின்பண்ட வரிசை கிடையாது. நான் காய்க்கு அங்கே மட்டும்தான் போகிறேன், விடிகாலையில், பையோடும் அளவான காசோடும். உன் ஏரியாவில் காய்க்கு என்று தனிக் கடை இருந்தால் அங்கேயே வாங்கு. பாதிச் சாமான் அங்கேயே முடிந்துவிட்டால் பெரிய கடைக்குள் நிற்கிற நேரம் குறையும்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிபாளையம் சிக்கன் செய். வரமிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ப் பல், கோழி, எண்ணெய், அவ்வளவுதான். நம் ஊர்க்காரன் எவனோ இந்த டயட்டுக்காகவே கண்டுபிடித்த மாதிரி இருக்கும். காலிஃபிளவரைத் துருவிச் சாதம் என்கிறார்களே, அதைச் சாதம் என்று தட்டில் போட்டால் அழுகைதான் வரும். பொரியல் என்று சொல்லிச் சாப்பிட்டால் நன்றாகவே இருக்கிறது.

இப்போது ஒரு பாவமன்னிப்பு. கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரையை நான் எத்தனை மூட்டை விற்றிருப்பேன்! பழனி பஞ்சாமிர்தத்துக்கே அங்கிருந்துதான் போகிறது என்று பெருமையாகச் சொல்வேன். "ஏனுங்க, இது சுகருக்கு ஆகுமுங்களா?" என்று கேட்டவர்களிடம், "வெள்ளைச் சர்க்கரைதாங்க ஆகாது, இது தாராளமா சாப்பிடலாமுங்க" என்று வாய் கூசாமல் சொல்லியிருக்கிறேன். தெரியாமல் சொன்னேன், ஆனாலும் சொன்னேன். நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, தேன் எல்லாமே ரத்தத்துக்குப் போனால் சர்க்கரைதான். நீ போனில் "வெல்லம் போட்டுத்தாங்க காபி குடிக்கறேன்" என்றபோது என் குரலே எனக்குத் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

கம்பு, ராகியும் அதே கதை. களி நல்ல சாப்பாடுதான், அரிசியைவிட நார் அதிகம், பசி தாங்கும். ஆனால் அரிசியில் 100 கிராமுக்கு 78 கிராம் மாவுச்சத்து என்றால் இவற்றிலும் 60-க்கு மேல் இருக்கிறது. சிறுதானியம் என்று எழுதிய தோசை மாவையும் பிஸ்கட்டையும் கூடையில் போடாதே. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பார்கள். கொள்ளிலும் பாதிக்கு மேல் மாவுச்சத்துதான், எள்ளில் பாதி எண்ணெய். உன் டயட்டுக்குப் பழமொழியைத் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது. உன் அப்பத்தா இருந்திருந்தால் என்னை அடித்திருப்பாள். கொள்ளு ரசம் வைத்துக் குடி, அதனால் ஒன்றும் ஆகாது.

பாக்கெட் எடுத்தால் முதலில் பின்பக்கம் திருப்பு. சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து வரிசையாகத்தான் போட வேண்டும் என்பது சட்டம். முன்னால் கோதுமைக் கதிர் படம் இருக்கும், பின்னால் முதல் பெயர் மைதாவாக இருக்கும். மால்டோடெக்ஸ்ட்ரின், லிக்விட் குளுக்கோஸ், இன்வர்ட் சிரப் எல்லாம் சர்க்கரையின் சொந்தக்காரர்கள். சிலர் ஒரு பரிமாறலுக்கு இவ்வளவு என்று சின்ன எண்ணைப் பெரிதாகப் போடுவார்கள். நீ 100 கிராமுக்கு எவ்வளவு என்று மட்டும் பார். கூட்டுப் பெருங்காயத்தில்கூட மாவு கலந்திருக்கும். அதற்கெல்லாம் பயப்படாதே, ஒரு சிட்டிகைதான். பயம் ஓட்ஸில் இருக்கட்டும். டயட் வரிசையில்தான் வைத்திருப்பார்கள், மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்து.

ஒரு விஷயத்தை உங்கம்மாவிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. நான் சோற்றைக் குறைத்த முதல் வாரம் டாக்டரிடம் கேட்கவில்லை. சர்க்கரைக்குப் போடும் கிளிமிபிரைடு மாத்திரையை வழக்கம்போலப் போட்டுக்கொண்டு, காலையில் ஒரு முட்டை மட்டும் தின்றுவிட்டு மொடச்சூர் சந்தைக்குப் போனேன். பருப்புக் கடைப் பக்கம் நடக்கும்போது கை நடுங்கியது, சட்டை வேர்வையில் நனைந்துவிட்டது, எதிரில் நிற்பவர் சொல்வது காதில் விழவில்லை. கீரை விற்கிற அம்மாதான் பார்த்துவிட்டு, பக்கத்துக் கடையில் சர்க்கரை நிறையப் போட்ட டீ வாங்கிக் கொடுத்தார். மாத்திரை சர்க்கரையை இறக்குகிறது, நானும் இறக்குகிறேன், இரண்டு பேரும் சேர்ந்து பாதாளத்துக்கு இறக்கிவிட்டோம். மறுநாளே டாக்டர் மாத்திரையைக் குறைத்தார். நீ மாத்திரை எதுவும் போடவில்லை, சரி. நாளைக்கு ஏதாவது எழுதிக் கொடுத்தால், இப்படிச் சாப்பிடுகிறேன் என்று அவரிடம் முதலில் சொல்.

கடையைக்கூட சமாளித்துவிடலாம், நம் சொந்தக்காரர்களைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. ஒப்புட்டை (போளியை) இலையில் போட்டு மேலே நெய்யை ஊற்றிவிட்டு, "ஒண்ணே ஒண்ணு சாப்புடுங்க" என்று நிற்பவளிடம் மாவுச்சத்துக் கணக்கா சொல்வது? சுகர் என்றாலும் விடமாட்டார்கள், "ஒரு நாளைக்கு ஒண்ணும் ஆகாதுங்க" என்பார்கள். நான் வாங்கிக்கொள்கிறேன், கால்வாசி பிட்டுத் தின்கிறேன், மீதியைப் பக்கத்து இலைக் குழந்தைக்குத் தள்ளிவிடுகிறேன். சனிக்கிழமை உங்கம்மா அரிசியும் பருப்பும் சாதம் செய்கிற அன்று மட்டும் ஒரு கரண்டி. அந்தத் தாளிப்பு வாசனை வரும்போது தெருவில் ஒரு நடை போய்விட்டு வருகிறேன். நாலு வருஷமாகியும் அது எனக்குப் பழகவில்லை.

வெள்ளிக்கிழமை ராத்திரி பெங்களூர் பஸ்ஸில் ஒரு பை போட்டு விடுகிறேன். வறுத்த கடலை இரண்டு கிலோ, கறுப்பு எள் அரைக் கிலோ, செக்குத் தேங்காய் எண்ணெய், வெண்ணெய் உருக்கிய நெய், தேங்காய் பத்து. நேற்றிலிருந்து உங்கம்மா சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அரிசி மாவும் வெல்லமும் சேர்த்துக் கச்சாயம் சுடுகிறாள், எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். இரண்டு தடவை பையிலிருந்து எடுத்து வெளியே வைத்தேன், இரண்டு தடவையும் திரும்ப உள்ளே போயிருக்கிறது. சனிக்கிழமை காலையில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, மாப்பிள்ளை வீட்டில் இருக்கும்போது பையை அவிழ்.

அன்புடன்,
அப்பா