விசாரணைக் குழுவில் இருக்கும் என் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய நீண்ட செய்தி கிடைத்தது. போனில் பேசினால் பாதி விட்டுப்போகும் என்பதால் எழுதுகிறேன். டியூட்டி முடிந்து நிதானமாகப் படி.

நீ சொன்னதை நான் புரிந்துகொண்டது இப்படி. இன்சுலின் 4 யூனிட் போடச் சொன்ன டாக்டர், ‘யூனிட்’ என்று முழுதாக எழுதாமல் ஆங்கில ‘யு’ ஒன்றை மட்டும் போட்டிருக்கிறார். அவசரக் கையெழுத்தில் அதன் வாய் மூடிக்கொண்டு பூஜ்யம் மாதிரி ஆகிவிட்டது. இரவு நர்ஸ் அதை 40 என்று படித்து அப்படியே போட்டுவிட்டார். விடியற்காலையில் பெரியவர் பேச்சு மூச்சில்லாமல் கிடந்ததைப் பார்த்து, குளுக்கோஸ் ஏற்றி, ஐசியுவுக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றிவிட்டீர்கள். நர்ஸை அன்றே வேலையை விட்டு நிறுத்தியாயிற்று. வீட்டாரிடம் ‘சர்க்கரை திடீரென்று இறங்கிவிட்டது’ என்று சொல்லியாயிற்று. இப்போது குழு போட்டு, அறிக்கை எழுதும் வேலையைக் குழுவிலேயே இளையவளான உன் தலையில் கட்டியிருக்கிறார்கள். ‘நர்ஸின் கவனக்குறைவு என்று ஒரே பக்கத்தில் முடித்துவிடு’ என்கிறார் குழுத் தலைவர்.

பெரியவர் பிழைத்தது பெரிய நிம்மதி. ஆனால் அந்த ஒரு பக்க அறிக்கையில் நீ கையெழுத்துப் போடக்கூடாது என்பது என் எண்ணம். ஏன் என்று சொல்கிறேன்.

மருந்தகத்தில் இருந்த காலம் முழுக்க நான் இந்த ‘யு’வோடு மல்லுக்கட்டியவன். அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் ஜாயின்ட் கமிஷன், மருந்து எழுதும்போது பயன்படுத்தக் கூடாதவை என்று 2004-லேயே ஒரு பட்டியல் போட்டது. முதல் வரியே இந்த ‘யு’தான். அதே பட்டியலில் 1.0 என்று எழுதாதே, புள்ளி மங்கினால் 10 ஆகிவிடும் என்றும், வெறும் .5 என்று எழுதாதே, 5 ஆகிவிடும் என்றும் இருக்கிறது. அந்த நர்ஸ் ரொம்பச் சின்ன வயது என்கிறாய். அப்படியானால் அவர் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நாளிலேயே மருத்துவ உலகத்துக்குத் தெரிந்திருந்த ஆபத்து இது. தெரிந்த ஆபத்தை அந்தச் சீட்டில் அப்படியே விட்டுவைத்தவர்கள் யார் என்று உன் அறிக்கை கேட்க வேண்டாமா?

இன்சுலின் போடுவதற்கு முன் இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்று உங்கள் வார்டில் விதி இருக்கிறதா? இருந்தால், 30 நோயாளிகளுக்கு ஒரே நர்ஸ் இருக்கிற இரவில் அந்த இன்னொருவர் எங்கிருந்து வருவார்? சாயங்காலம் எழுதிய சீட்டை மருந்தகத்தில் யாராவது பார்த்தார்களா? இரவில் மருந்தாளுநரே கிடையாது என்றால் அந்த முடிவை எடுத்தது எந்தக் கூட்டம்? ‘இந்த அளவு அதிகமாகத் தெரிகிறதே’ என்று நள்ளிரவில் டாக்டரைப் போனில் எழுப்பிக் கேட்டால், அந்த நர்ஸுக்குக் கிடைப்பது பதிலா, திட்டா? இந்தக் கடைசிக் கேள்வியை வார்டில் இருக்கிற மற்ற நர்ஸுகளிடம் தனித்தனியாகக் கேட்டுப் பார். எல்லாரையும் உட்கார வைத்துக் கேட்டால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

ஆள் பற்றாக்குறையைச் சாக்கு என்று தள்ளுவார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளைப் பார்த்து லிண்டா ஐக்கன் குழுவினர் 2002-ல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது, எடுத்துக் காட்டு. ஒரு நர்ஸின் பொறுப்பில் கூடுதலாக ஒரே ஒரு நோயாளி இருந்த இடங்களில்கூட, அறுவை சிகிச்சைக்கு வந்தவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுதலாகக் காணப்பட்டது. பணிப்பட்டியல் போடுகிறவரும் மருந்து கொடுக்கிறவர் மாதிரியே நோயாளியின் உயிரோடு சம்பந்தப்பட்டவர். அவரையும் குழு கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.

சரி, நர்ஸ் மேல் தப்பே இல்லையா என்று கேட்பாய். டென்னசி மாநிலத்தில் 2017 டிசம்பரில் நடந்ததைச் சொல்கிறேன். ஸ்கேன் எடுக்கப்போன நோயாளியின் பதற்றத்தைத் தணிக்க மிடசோலம் என்ற மருந்து கொடுக்க வேண்டும். நர்ஸ் மருந்து அலமாரியின் கணினியில் அதன் வணிகப் பெயரின் முதல் இரண்டு எழுத்தைத் தட்டினார். அந்த எழுத்துகளுக்குக் கிடைத்தது தசைகளைச் செயலிழக்க வைக்கும் வெக்குரோனியம். எச்சரிக்கைகள் இருந்தன, குப்பியின் மூடியிலேயே இருந்தது; அவர் கவனிக்கவில்லை. நோயாளி இறந்துபோனார். தவறைத் தெரிந்ததும் மறைக்காமல் ஒப்புக்கொண்டார் அந்த நர்ஸ். கடைசியில் 2022-ல் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. மூன்று வருட நன்னடத்தைக் கண்காணிப்புத் தண்டனை. மருத்துவமனை மேல் குற்ற வழக்கு இல்லை.

அவர் பல எச்சரிக்கைகளைத் தாண்டிப் போனார் என்பதை நான் மறுக்கவில்லை. குடித்துவிட்டு வேலைக்கு வருகிறவரும், ஆபத்து என்று தெரிந்தே துணிகிறவரும், பதிவேட்டைத் திருத்துகிறவரும் தண்டனைக்கு உரியவர்கள்தான். ஆனால் யார் அந்த இடத்தில் நின்றிருந்தாலும் சறுக்கியிருக்கக் கூடிய பிழைக்கு ஒருவரைச் சிறைக்கு அனுப்பப் பார்த்தால், அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் மற்ற நர்ஸுகள் அடுத்த முறை என்ன செய்வார்கள்? மூச்சு விடமாட்டார்கள். பிழை நடந்ததே மேலிடத்துக்குத் தெரியாமல் போகும். உன் வார்டில் இன்னொரு டாக்டர் இன்றைக்கும் ‘யு’ போட்டுக்கொண்டிருப்பார். நர்ஸ் மட்டும் புதியவர்.

இதையெல்லாம் விட எனக்கு அதிகம் வலித்தது, பெரியவரின் வீட்டாரிடம் சொன்ன அந்தப் பாதி உண்மை. சர்க்கரை இறங்கியது என்னவோ நிஜம். ஏன் இறங்கியது என்பதை மறைத்துவிட்டீர்கள். நாளைக்கு அவர் வேறொரு டாக்டரிடம் போனால், காரணமில்லாமல் சர்க்கரை இறங்குகிற உடம்பு என்று நினைத்துத் தேவையில்லாத பரிசோதனையெல்லாம் செய்வார்கள், தேவையான இன்சுலினைக் குறைத்தும் விடுவார்கள். இங்கிலாந்தில் 2014 முதல் இப்படிப்பட்ட தீங்கை நோயாளியிடம் வெளிப்படையாகச் சொல்லி மன்னிப்புக் கேட்பது மருத்துவமனையின் சட்டக் கடமை. ‘சொன்னால் கேஸ் போடுவார்கள்’ என்று உங்கள் நிர்வாகம் பயப்படும். மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனை 2001-லிருந்து, தங்கள் பக்கம் தப்பு என்றால் தாங்களே போய்ச் சொல்லி, இழப்பீடும் தாங்களே முன்வந்து கொடுத்தது. பிறகு கணக்குப் பார்த்தபோது கோரிக்கைகளும் வழக்குகளும் குறைந்திருந்தன. தீர்வதற்கு ஆகும் காலமும் குறைந்திருந்தது. வழக்கு குறையாவிட்டாலும் சொல்லத்தான் வேண்டும் என்பேன், அது வேறு. தன் உடம்புக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ளும் உரிமை அந்தப் பெரியவருக்கு இருக்கிறது.

காட்மன் என்று ஒருவரைப் பற்றி உங்கள் பாடத்தில் வந்ததா தெரியாது. எர்னஸ்ட் அமோரி காட்மன், பாஸ்டன் நகரத்து அறுவை மருத்துவர். அவர் கேட்டது ஒரே கேள்வி: நாம் சிகிச்சை கொடுத்து அனுப்பியவர் ஒரு வருடம் கழித்து எப்படி இருக்கிறார்? ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு அட்டை போட்டு, என்ன நோய், என்ன செய்தோம், பலன் என்ன, பலன் இல்லையென்றால் ஏன் என்று எழுதச் சொன்னார். அவர் வேலை பார்த்த பெரிய மருத்துவமனையில் அது எடுபடவில்லை. அங்கே பதவி உயர்வு பணிமூப்பில்தான், பலனைப் பார்த்து இல்லை. 1914-ல் அந்த வேலையை விட்டார். தான் சொந்தமாக நடத்திய சின்ன மருத்துவமனையில் 1911 முதல் 1916 வரை 337 பேரைச் சிகிச்சை முடித்து அனுப்பினார். அவர்களிடம் நேர்ந்த பிழைகள் 123 என்று தானே எண்ணி, வகை பிரித்து, அச்சடித்து வெளியிட்டார். எந்த டாக்டருக்கு அந்தத் தைரியம் வரும்? கூட இருந்தவர்கள் அவரை ஒதுக்கினார்கள், வருமானமும் விழுந்தது.

அவருடைய யோசனையிலிருந்துதான் அமெரிக்க அறுவை மருத்துவர்கள் கல்லூரி என்ற மருத்துவர் சங்கம் மருத்துவமனைகளுக்குத் தரம் வகுத்தது. மிகக் குறைந்தபட்சத் தரம். 1919-ல் 692 மருத்துவமனைகளைப் பார்த்ததில் தேறியவை 89. பெயர்பெற்ற பல மருத்துவமனைகளே தேறவில்லை. பட்டியல் பத்திரிகைக்காரர்கள் கையில் சிக்கிவிடக் கூடாது என்று, கூட்டம் நடந்த நியூயார்க் ஹோட்டலின் உலையிலேயே அதை எரித்துவிட்டார்கள். அந்தச் செயலை என்னால் மன்னிக்க முடிவதில்லை. 692-ல் எந்த 89 என்று தெரிந்திருந்தால் எத்தனை பேர் வேறு வாசலுக்குப் போயிருப்பார்கள்! ஒரு பக்க அறிக்கை எழுதிப் பீரோவில் பூட்டுவதும் எனக்கு அதே வேலையாகத்தான் தெரிகிறது. உலகம் முழுக்கச் சிகிச்சை பெறுகிறவர்களில் ஏறக்குறைய 10 பேருக்கு ஒருவர் அந்தச் சிகிச்சையாலேயே தீங்குக்கு உள்ளாகிறார் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அதில் பாதிக்கு மேல் தடுக்கக்கூடியது. எண்ணாமல், சொல்லாமல் எதைத் தடுப்பது?

அறிக்கையின் கடைசியில் பரிந்துரை என்று ஒரு பகுதி வரும். அங்கே ‘அனைவரும் கவனமாக இருக்க வேண்டும்’ என்று சுற்றறிக்கை அனுப்பச் சொல்வார்கள். நான் வேலை பார்த்த ஓரிடத்தில், வார்டு மருந்துத் தட்டில் செறிவான பொட்டாசியம் குளோரைடு ஆம்பூலும் ஊசி மருந்து கலக்குகிற நீர் ஆம்பூலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். இரண்டும் ஒரே உயரம், உள்ளே இருப்பது இரண்டிலும் தண்ணீர் போலத் தெளிவு, எழுத்து எறும்பு அளவு. ஒன்று மருந்தைக் கரைக்கும். மற்றது நேராக நரம்பில் ஏறினால் இதயம் நின்றுவிடும். சுற்றறிக்கை வந்துகொண்டே இருந்தது, ஆம்பூல்களும் அதே தட்டில் இருந்துகொண்டே இருந்தன. கடைசியில் செறிவான பொட்டாசியத்தை வார்டிலிருந்தே எடுத்துவிட்டு, மருந்தகமே கலந்த பையாக அனுப்பத் தொடங்கினோம். டாக்டர்கள் கொஞ்ச நாள் சண்டை போட்டார்கள். அப்புறம் பழகிவிட்டது. மயக்க மருந்து இயந்திரத்தைப் பார்த்திருப்பாய்: ஆக்சிஜன் சிலிண்டர் பொருந்துகிற இடத்தில் நைட்ரஸ் ஆக்சைடு சிலிண்டர் பொருந்தாது, பொருத்துகிற முளைகளின் அமைப்பே வேறு. எவ்வளவு களைத்துப்போன ஆளானாலும் மாற்றி மாட்ட முடியாது. உன் பரிந்துரையும் அந்த வகையில் இருக்கட்டும். இன்சுலினுக்குத் தனிச் சீட்டு, அதில் ‘யூனிட்’ என்பது முன்கூட்டியே அச்சடித்தது, டாக்டர் எண்ணை மட்டும் எழுத வேண்டும். குறிப்பிட்ட அளவுக்கு மேல் போனால் மருந்தகத்திலிருந்தோ பணியில் இருக்கும் டாக்டரிடமிருந்தோ ஒப்புதல். செலவு அதிகம் இல்லை. மூன்று மாதம் கழித்து எத்தனை சீட்டில் இன்னும் ‘யு’ இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க ஒருவர் பெயரையும் தேதியையும் போட்டு எழுது. பெயர் இல்லாத பரிந்துரையை யாரும் செய்ய மாட்டார்கள்.

‘நான் ரொம்ப ஜூனியர், என் பேச்சை யார் கேட்பார்கள்’ என்று எழுதியிருந்தாய். இங்கிலாந்தில் 2005-ல் மார்ட்டின் புரோமிலி என்ற விமானியின் மனைவி சாதாரண சைனஸ் அறுவை சிகிச்சைக்குப் போனார். மயக்கம் கொடுத்ததும் மூச்சுப்பாதை அடைத்துக்கொண்டது. அனுபவமுள்ள டாக்டர்கள் குழாயைத் தொண்டை வழியாகச் செலுத்தவே திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருந்தார்கள். கழுத்தில் துளையிடும் கருவிப் பெட்டியை ஒரு நர்ஸ் எடுத்து வந்து, தயாராக இருக்கிறது என்றும் சொன்னார். டாக்டர்கள் காதில் விழவில்லை. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று நர்ஸுகளுக்குத் தெரிந்திருந்தது, அதை எப்படி அழுத்திச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. அந்த அம்மா பிழைக்கவில்லை. கணவர் யாரையும் தண்டிக்கச் சொல்லவில்லை. விமான விபத்தை விசாரிப்பது போல வெளியாள் ஒருவர் விசாரிக்க வேண்டும் என்று விடாமல் கேட்டார், கிடைத்ததைப் பலரும் படிக்கும்படி வெளியிட்டார். இன்று பல நாடுகளில் மயக்கவியல் படிப்பவர்களுக்கு அது பாடம்.

சின்னவர் பேச்சு எடுபட வேண்டுமானால் பெரியவர்கள் முன்கூட்டியே அதற்கு இடம் கொடுத்திருக்க வேண்டும். மிச்சிகன் மாநில ஐசியுக்களில், பெரிய ரத்த நாளத்தில் செருகிவைக்கும் குழாயால் வரும் தொற்றைக் குறைத்தார்களே, அங்கே குழாய் போடும் டாக்டர் கை கழுவுவது போன்ற ஐந்து எளிய விதிகளில் ஒன்றை விட்டாலும் நர்ஸ் நிறுத்தலாம் என்று அதிகாரம் கொடுத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார்கள். 1000 குழாய் நாள்களுக்கு (ஒருவர் உடம்பில் ஒரு நாள் குழாய் இருந்தால் ஒரு குழாய் நாள்) 2.7 என்று இருந்த தொற்றின் நடுமதிப்பு மூன்று மாதத்தில் பூஜ்யத்துக்கு வந்தது. உனக்கு அப்படி யாரும் இடம் கொடுக்கவில்லை, தெரியும். அதனால் தனியாகப் போய் நிற்காதே. மருந்தகத்திலிருந்து ஒருவரையும் நர்ஸிங் பக்கத்திலிருந்து ஒருவரையும் குழுவில் சேர்க்கச் சொல்லி எழுத்தில் கேள். மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் வாங்கு. அப்படியும் ஒரு பக்கத்தோடு முடிக்கச் சொன்னால், உன் மாறுபட்ட கருத்தைத் தனித்தாளில் எழுதி அறிக்கையோடு சேர்த்துக் கொடு. வேலைக்கு ஏதாவது இடைஞ்சல் வந்தால் வரட்டும், நானும் அம்மாவும் இருக்கிறோம்.

உன் செய்தி முழுக்கத் தேடினேன், அந்த நர்ஸைக் குழு கூப்பிட்டுக் கேட்டதாக ஓரிடத்திலும் இல்லை. அன்றிரவு என்ன நடந்தது என்று நன்றாகத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். முதலில் அவரைக் கூப்பிடு. அந்தச் சீட்டின் படியை முன்னால் வைத்து, அன்று எப்படிப் படித்தாரோ அப்படியே படித்துக் காட்டச் சொல். பேசிவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா