பாடினவங்க எல்லாம் எங்கே போனாங்க

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவருடைய கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, சாயங்கால நடையை விடுவதில்லை. உன் சுகத்துக்கு எழுது.

போன ஞாயிறு போனில், உன் லைப்சிக் ஆபீஸில் ஒருத்தர் அவங்க சபைப் பாடகர் குழுவில் பேஸ் என்கிற ஆண் கீழ்க் குரல் பாட ஆள் இல்லாமல் உன்னைக் கூப்பிட்டார் என்று சொன்னாய். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஆனால் அடுத்த மூச்சிலேயே, "அதெல்லாம் சின்ன வயசோட போச்சும்மா. நம்ம கொயர்ல பாடினவங்க யாராவது இப்ப பாடுறாங்களா?" என்று கேட்டுவிட்டு விசா பேச்சுக்குப் போய்விட்டாய். அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது தம்பி. போனில் சொல்லி முடியாது, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ பாடின காலத்து வாலிபர் குழுவையும், அதற்கு முன்னால் நான் பாடின குழுவையும் சேர்த்தே சொல்கிறேன். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்தாரே பேஸ் மாமா, உனக்குக் குரல் உடைந்த சமயம் தன் பக்கத்திலேயே நிற்க வைத்துக்கொண்டவர், அவர் ரிட்டயர் ஆகி இப்போது ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு டோ ரே மி சோல்ஃபா சொல்லிக்கொடுக்கிறார். பெண்களின் மேல் குரலான சோப்ரானோவில் முன்வரிசையில் நின்ற அக்கா நர்ஸாகக் குவைத் போனாள். அங்கே வெள்ளிக்கிழமைதான் ஆராதனை. நைட் டியூட்டி முடித்துவிட்டு அப்படியே பாட வருவேன் என்று சொல்லியிருக்கிறாள். ஆண்களில் மேல் குரலான டெனர் பாடின அண்ணன் ஒருத்தர் சென்னைக்குப் போய் சினிமாவுக்குக் கோரஸ் பாடினார். சுரம் எழுதின நொட்டேஷனைப் பார்த்தவுடன் பாடத் தெரிந்தவருக்கு ஸ்டூடியோவில் மதிப்பு உண்டு. அவர் பெயர் எந்த கேசட் அட்டையிலும் வந்ததில்லை. ஆனால் பஸ்ஸில் போகும்போது பழைய பாட்டு ஏதாவது கேட்டால், பின்னால் எழும்பும் அந்த நாலைந்து குரலில் அவர் குரலை நான் கண்டுபிடித்துவிடுவேன்.

எல்லோரும் பாடுகிறார்கள் என்று சொல்ல மாட்டேன். காந்தி மார்க்கெட்டில் மொத்த வியாபாரம் பார்க்கிறவர் ஒருத்தர், நம் குழுவிலேயே நல்ல காது அவருக்குத்தான், பாடுவதை விட்டு ரொம்ப வருஷம் ஆகிறது. அவருக்கு அதில் குறையும் இல்லை. இன்னொருத்தருக்குத் தைராய்டு ஆபரேஷனுக்கு அப்புறம் குரல் எழும்பவில்லை. அவர் விட்டுப் போகவில்லை. பிராக்டீஸுக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து, புதுப் பிரதிகளில் எங்கெங்கே மூச்சு எடுக்க வேண்டும் என்று பென்சிலால் சின்னச் சின்னக் கோடு போட்டு வைக்கிறார். சோப்ரானோவுக்கு ஒரு இடம், பெண்களின் கீழ்க் குரலான ஆல்ட்டோவுக்கு வேறு இடம், பேஸில் ஒருத்தர் விட்டு ஒருத்தருக்கு. கேட்கிறவங்களுக்குப் பாட்டு எங்கேயும் அறுபடாமல் போகிறதே, அது அவருடைய பென்சில்தான்.

எங்கள் குழுவில் பாடின டீச்சர் அக்காவைப் பற்றி உனக்கு இதுவரை சொன்னதில்லை. போன லெந்து காலத்தில், ஈஸ்டருக்கு முந்தின உபவாச நாட்களில், அவங்களைப் பார்க்கப் போயிருந்தேன். மறதி நோய் முற்றிவிட்டது. என்னைத் தெரியவில்லை. சொந்த மகளையே "நீங்க யாரும்மா" என்று கேட்கிறாங்க. மகள் என்னிடம், "அம்மா நாள் பூரா ஏதோ முனகிட்டே இருக்காங்க ஆன்ட்டி, என்னன்னே புரியல" என்று வருத்தப்பட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். ஒரே சுரத்தில் கொஞ்ச நேரம், ஒரு படி கீழே, திரும்ப அதே இடம். எனக்குச் சட்டென்று பிடிபட்டது. அது முனகல் இல்லை தம்பி, ஆல்ட்டோ பார்ட். 'இரத்தம் காயம் குத்தும்' பாட்டின் ஆல்ட்டோ. மெட்டு இல்லாமல் அதை மட்டும் தனியாகக் கேட்டால் பாட்டு என்றே யாருக்கும் தெரியாது. நான் மெல்ல மெட்டை எடுத்தேன். அவங்க என் பக்கம் திரும்பவில்லை, ஆனால் குரல் நிமிர்ந்தது. கடைசி அடி வரை ஒரு சுரம் தப்பவில்லை, என் மெட்டுக்கு இழுபடவும் இல்லை. மகள் வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தாள். இந்த நோயில் மற்ற நினைவுகள் போன பிறகும் பாட்டு நெடுநாள் தங்கும் என்று டாக்டர்கள் சொல்வதுண்டு. ஆனால் எல்லோருக்கும் தெரிந்த மெட்டை விட்டுவிட்டு, பதினெட்டு வயதில் தனக்கென்று கொடுத்த பார்ட்டை அந்த மனசு பிடித்து வைத்திருக்கிறதே, அதை நினைத்தால் எனக்கு இன்னும் உடம்பு சிலிர்க்கிறது.

அந்த மெட்டு எங்கிருந்து வந்தது தெரியுமா? நீ இப்போது இருக்கிற ஜெர்மனியிலிருந்துதான். ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் என்பவர் 1601-இல் ஒரு காதல் பாட்டுக்குப் போட்ட மெட்டு. பிறகு அது சிலுவைப் பாட்டாயிற்று. இசை மேதை பாக், இயேசு பட்ட பாடுகளைப் பாட்டாகச் சொல்லும் தன்னுடைய மத்தேயு பாடுகளில் அதை ஐந்து தடவை வைத்தார், பெரும்பாலும் கீழ்க் குரல்களை மாற்றி மாற்றி. அந்தப் பாடுகள் முதன்முதலாக 1727-இல் பாடப்பட்ட ஆலயம், நீ டிராமில் தினம் கடந்து போவதாகச் சொல்கிறாயே, அந்தப் புனித தோமா ஆலயம். பாக்கின் கல்லறையும் அதற்குள்ளேதான். நம் சபைக்கும் அந்த ஊருக்கும் உள்ள உறவு உனக்குத் தெரிந்ததே. ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கினார். அடுத்த நூற்றாண்டில் அங்கே வேலையைத் தொடர்ந்தது லைப்சிக் மிஷன். திருக்குறளை 1856-இல் ஜெர்மன் மொழியில் கொடுத்த கார்ல் கிரவுல் அந்த மிஷனின் இயக்குநர்தான். உன் தாத்தாவுக்கு லைப்சிக் என்றால் ஏதோ பக்கத்து ஜில்லா என்கிற மாதிரிதான் பேசுவார். அவர் பேரன் அங்கே போய் வாய் மூடிக்கொண்டு இருப்பது எனக்கு மனசு ஆறவில்லை.

அந்த ஆலயத்துப் பையன்கள் குழு 1212-இல் தொடங்கினது. ஒன்பது பத்து வயதில் சேர்ந்து, விடுதியில் தங்கி, குரல் உடைகிற காலத்தைத் தாண்டி டெனராகவோ பேஸாகவோ திரும்பி வந்து, பள்ளிப் படிப்பு முடிகிற வயதில் வெளியே போகிறார்கள். உன் கேள்வியையே அவர்களுக்கும் கேட்டுப் பார். அதற்கப்புறம் எங்கே போகிறார்கள்? சிலர் விடுவதே இல்லை. 1992-இல் அந்தப் பழைய பையன்கள் சிலர் சேர்ந்து ஆரம்பித்த அமர்கார்ட் என்ற ஆண் குரல் குழு உலகம் சுற்றிப் பாடுகிறது. உங்கள் ஊர் பிரின்சன் பாப் குழுவில் இருக்கிறவர்களில் பலர் சின்ன வயதில் அங்கே பாக் பாடினவர்கள்தான். ஒருத்தர், கியோர்க் கிறிஸ்டோஃப் பில்லர், தான் பாடின அதே குழுவுக்குத் தலைவராகத் திரும்பி வந்து 1992 முதல் 2015 வரை நடத்தினார். ஒரு காலத்தில் பாக் வகித்த பதவி அது.

டிரெஸ்டனில் இன்னொரு பையன்கள் குழு உண்டு, திருச்சிலுவை ஆலயக் குழு. பீட்டர் ஷ்ரையர் 1945-இல் அதில் சேர்ந்தபோது பத்து வயது வாக்கு, போர் முடிந்த வருஷம். ஆல்ட்டோ பாடின பையன். வளர்ந்து டெனராகி, பாக்கின் பாடுகளில் கதையைச் சொல்லிக்கொண்டு போகும் சுவிசேஷகன் பார்ட் என்றாலே அவர் குரல்தான் என்று ஆயிற்று. 2019-இல் கிறிஸ்துமஸ் அன்றைக்குக் காலமானார். பழைய கதை ஒன்றும் உண்டு. ஹைடன் வியன்னாவில் புனித ஸ்தேவான் ஆலயத்துப் பாடகர் பையன். 1749 வாக்கில் குரல் உடைந்ததும் வெளியே அனுப்பிவிட்டார்கள். பரண் மாதிரி ஒரு அறையில் குடியிருந்து, பாட்டு வகுப்பு எடுத்துப் பிழைத்து, போர்போரா என்கிற பெரியவருக்கு வேலைக்காரன் மாதிரி இருந்து இசை கற்றார். ஐம்பது வருஷம் கழித்து 'படைப்பு' என்று ஒரு பெரிய கூட்டிசையை எழுதினார். அதில் கோரஸ் பாடுகிற இடங்களைக் கேள். குழுவுக்குள் நின்று பாடினவன் எழுதினது என்று தெரியும்.

பெரிய ஆட்களைச் சொல்லி உன்னை மிரட்டவில்லை. குரல் மாறினதும் பாட்டு முடிந்தது என்று நீ நினைக்கிறாயே, அதைத்தான் மறுத்துச் சொல்கிறேன். ஆம்பளைப் பிள்ளைக்குக் குரல்வளை வளர்ந்து நாண் நீளும், சுருதி ஒரு ஸ்தாயி இறங்கும். பத்தாம் வகுப்பில் நீ அதைப் பட்டாய். எங்களுக்கும் உண்டு. மாதவிடாய் நின்ற பிறகு எனக்கு மேல் சுரம் போய்விட்டது. கேரல் சர்வீஸில் உச்சத்துக்கு வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. கொயர் மாஸ்டர் என்னை ஆல்ட்டோவுக்கு மாற்றினார். முதல் சில வாரம் எனக்குத் துக்கம்தான், மறைக்க மாட்டேன். ஆனால் கல்யாணத்துக்கு முன்னாலிருந்து பாடின அதே ஞானப்பாட்டை உள்ளிருந்து கேட்க ஆரம்பித்தது அப்போதுதான். மேலே மெட்டு போகிறது, கீழே பேஸ் நடக்கிறது, நடுவில் நான் என் சுரத்தை விடாமல் நிற்க வேண்டும். மெட்டு பாடுகிறவளாக இருந்தவரைக்கும் பக்கத்தில் இருப்பவங்களை நான் இவ்வளவு உன்னிப்பாகக் கேட்டதே இல்லை. பேஸ் குரலோ முப்பதுக்கு மேல்தான் பழுக்கும் என்று பொன்மலை மாமா சொல்வார். உனக்கு இப்போது வயசு என்ன, யோசித்துப் பார்.

நீ அங்கே தனியாக இருக்கிறாய் என்பது உன் குரலிலேயே எனக்குத் தெரிகிறது. நன்றாக இருக்கிறேன் என்று நீ சொல்வதை அப்பா நம்புகிறார், நான் நம்பவில்லை. 2015-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்கள் ஒன்று கண்டார்கள். பெரியவங்களுக்கான வகுப்புகள், சிலருக்குப் பாட்டு, சிலருக்குக் கைவேலை, சிலருக்கு எழுத்து. ஏழு மாதத்தில் எல்லா வகுப்பிலும் ஆட்கள் ஒருவருக்கொருவர் நெருங்கிவிட்டார்கள். ஆனால் பாட்டு வகுப்பில் அந்த நெருக்கம் ஆரம்பத்திலேயே வந்துவிட்டது, பேசிப் பழகுவதற்கு முன்னாலேயே. எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. பக்கத்தில் நிற்கிறவன் எப்போது மூச்சு எடுக்கிறான் என்று பார்த்து, அவன் எடுக்கும்போது நீ எடுக்காமல் தாங்க வேண்டும். பேர் தெரியாத ஆளோடு வேறு எங்கே இப்படி நிற்க முடியும்?

ஜெர்மன் சரியாக வராது என்றாய். பாட்டில் பாஷை மெதுவாகத்தான் போகும், ஒவ்வொரு எழுத்துக்கும் நேரம் கிடைக்கும். முதல் நாளே அந்த ஆபீஸ்காரரிடம் வரிகளைச் சொல்லச் சொல்லி போனில் பதிவு பண்ணிக்கொள். ஸ்டாஃப் நொட்டேஷன் மறந்திருந்தால், பேஸ் வரிக்கு மேலே பென்சிலால் டோ ரே மி எழுதிக்கொள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். உங்கள் ஊர் பெரிய கச்சேரி மண்டபமான கெவாண்ட்ஹவுஸின் குழுவுக்கு இப்போது போகாதே. அங்கேயும் வேறு வேலை பார்க்கிறவர்கள்தான் பாடுகிறார்கள், ஆனால் தரம் வேறு. சபைக் குழுவில் ஒரு வருஷம் பாடு, பிறகு பார்க்கலாம். காலையில் குளிக்கும்போது கீழ் சுரங்களை வாய் மூடி இழுத்துப் பழகு, தொண்டையை இறுக்காதே. வெளியே குளிரில் மப்ளர் இல்லாமல் போகாதே, இதைச் சொல்லாமல் எனக்கு முடியாது.

ஒரு வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குத் தோமா ஆலயத்துக்குப் போய் வா. அந்தப் பையன்கள் பாடுவார்கள். சனிக்கிழமை மூன்று மணிக்கும் உண்டு. லீவு நாளில் இருக்காது, பார்த்துக்கொண்டு போ.

உன் பழைய பேஸ் பிரதிகள் பீரோவில் பத்திரமாக இருக்கின்றன. கிறிஸ்துமஸ் பாட்டுகளை மட்டும் தங்கச்சி படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். அதில் மூன்றாவது பக்கத்தில் ஓரம் கிழிந்திருக்கும், அந்த வரியை நான் தனியாக எழுதி வைத்திருக்கிறேன்.

பிராக்டீஸ் எந்தக் கிழமை என்று கேட்டு எழுது. அன்றைக்கு நான் போன் பண்ண மாட்டேன்.

அன்பு முத்தங்களுடன்,
அம்மா