மூன்றாம் வரிசையில் உட்கார்ந்துவிட்டு எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடும்பத்தோடு மலைப்பாதையில் நெடும்பயணம் போக எந்த எஸ்யூவி ஏற்றது என்று உங்கள் வார இணைப்பில் வந்த கட்டுரையை ஒரு வரி விடாமல் படித்தேன். எஞ்சினின் இழுவை, தரை இடைவெளி, சன்ரூஃப், தொடுதிரையின் அளவு எல்லாம் விலாவாரியாக இருந்தன. மூன்றாவது வரிசைக்குக் கிடைத்தது ஒரே வாக்கியம்: ஏழு பேர் தாராளமாக அமரலாமாம். எழுதியவர் ஓட்டுநர் இருக்கையை விட்டு இறங்கவே இல்லை போலிருக்கிறது.

நான் உட்காருவது அந்த மூன்றாவது வரிசையில்தான். எங்கள் வீட்டில் மகன் ஓட்டுவான். வழி பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும் என்பதால் முன்சீட்டு மருமகளுக்கு. நடு வரிசையில் சம்பந்தியும் சம்பந்தியம்மாவும், இடையில் பேரன். சம்பந்திக்கு முழங்கால் வலி, காலை மடக்க முடியாது. ஆகவே பின்னால் நானும் பேத்தியும். ஒல்லியாக இருப்பவர்கள் பின்னால் போகட்டும் என்பது குடும்பத் தீர்மானம். பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவள் என்பதால், உட்கார்ந்த இடத்திலேயே கணக்குப் போட்டுக்கொண்டு வருவது என் பழக்கம். அந்தக் கணக்கைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

பெரும்பாலான ஏழு இருக்கை வண்டிகளில் மூன்றாம் வரிசை பின் ஆக்சிலுக்கு (பின்சக்கர அச்சுக்கு) மேலேயே வந்துவிடுகிறது. வண்டி முன்னும் பின்னும் தலையாட்டும்போது நடுவில் இருப்பவருக்கு ஆட்டம் குறைவு, கோடியில் இருப்பவருக்கு அதிகம். தரை உயர்ந்திருப்பதால் முழங்கால் மார்புப் பக்கம் வந்துவிடும். தொடைக்குத் தாங்கல் கிடையாது, வளைவுகளில் காலை ஊன்றி உடம்பை நிறுத்திக்கொள்ளவும் வழியில்லை. பக்கவாட்டு ஜன்னலும் பின்னால் வர வர ஒடுங்கிவிடும். மலையைப் பார்க்க வந்த பேத்திக்குத் தெரிவது முன்சீட்டின் முதுகும் கொஞ்சம் வானமும்.

இதைச் சும்மா வசதிக் குறைவு என்று தள்ளிவிட முடியாது. மலைப்பாதைக் குமட்டலுக்கு மூலமே இங்கேதான் இருக்கிறது. திரும்புகிறோம், சாய்கிறோம் என்று உள்காது சொல்கிறது. கண்ணோ அசையாத சீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இரண்டு தகவலும் ஒத்துப்போகாததால் மூளை குழம்புகிறது. கையில் போனைக் கொடுத்து உட்கார வைத்தால் கேட்கவே வேண்டாம். 2 வயதிலிருந்து 12 வயது வரையிலான பிள்ளைகளைத்தான் இது அதிகம் படுத்துகிறது, நாமும் அவர்களைத்தான் தேடிப் பிடித்துப் பின்னால் ஏற்றுகிறோம். குலுக்கலிலும் வகை உண்டு. கரடுமுரடான ரோட்டின் வேகமான அதிர்வு இடுப்பை நோகடிக்கும், ஆனால் வயிற்றை அவ்வளவாகப் புரட்டாது. சுமார் ஐந்து நொடிக்கு ஒருமுறை போய்வரும் மெதுவான ஆட்டம்தான் மிக மோசம் என்று ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். வளைவு, பிரேக், வேகம், மறுபடியும் வளைவு என்று மலையில் அவசரமாக ஓட்டுபவர் கொடுப்பது ஏறக்குறைய அந்தத் தாளத்தைத்தான்.

ஓட்டுபவருக்குக் குமட்டாது. அடுத்த வளைவு எது என்று அவர் கைக்கு முன்கூட்டியே தெரியும், உடம்பு தயாராகிவிடும். இதை வைத்து ஒரு வேலை செய்தோம். முன்னால் பாதை தெரிகிற பேரன் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் முன்னால் 'வலது', 'இடது' என்று கத்துவான். பின்னால் நாங்கள் இருவரும் அந்தப் பக்கம் தலையைச் சாய்த்துக்கொள்வோம். சம்பந்திக்குத் தூக்கம் கெட்டது உண்மை. பேத்திக்கு வாந்தி நின்றது.

வேகத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பக்கவாட்டில் தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 30 கிலோமீட்டர் வேகத்தில் எடுக்க வேண்டிய வளைவை 40ல் எடுத்தால் விசை 1.3 மடங்கு அல்ல, ஏறக்குறைய 1.8 மடங்கு. அப்படி மிச்சம் பிடிக்கும் நேரம், யாராவது ஒருவருக்காக வண்டியை நிறுத்தும்போது போய்விடும். நிறுத்துவதும் லேசில்லை. நடு வரிசைக்காரர்கள் இறங்கி, சீட்டை மடக்கி, அப்புறம்தான் எங்களால் வெளியே வர முடியும். வயிறு அதுவரை காத்திருக்காது. கண் மறைக்கும் வளைவில் நிறுத்தினால் பின்னால் வருகிற வண்டிக்கும் ஆபத்து.

இறக்கத்தைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒன்றுமே இல்லை. ஏற முடியுமா என்பதுதான் எல்லோருக்கும் கவலை. இன்றைய எஞ்சின்கள் ஏறிவிடும். ஆட்களோடும் சாமான்களோடும் 2 டன் எடையுள்ள வண்டி 1000 மீட்டர் இறங்கினால் ஏறக்குறைய 2 கோடி ஜூல் ஆற்றலை எங்காவது கொண்டுபோய்ப் போட்டாக வேண்டும். 60 லிட்டருக்கு மேல் பச்சைத்தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அத்தனை சூட்டில் பெரும்பகுதி அதில்தான் சேரும். சக்கரத் தட்டைக் கவ்வி நிறுத்தும் பிரேக் பேடின் பிடி தளரும், பழைய பிரேக் ஆயிலில் ஈரம் சேர்ந்திருந்தால் அது கொதித்துக் குமிழாகும், மிதி உள்ளே போகும், வண்டி நிற்காது. குறைந்த கியரில் போட்டு எஞ்சினின் பிடிப்பில் இறங்குவதுதான் வழி. ஆட்டோமேட்டிக் வண்டியிலும் அதற்கு வசதி உண்டு. லீவரைச் சாதாரண ஓட்டத்துக்கான 'டி'யிலேயே விட்டுவிட்டு முழு மலையையும் பிரேக்கால் இறங்குபவர்கள் பலர். கியரில் இறங்கினால் வண்டி நிமிடத்துக்கு நிமிடம் தலை குனிந்து நிமிராது, கடைசி வரிசைக்கு அதுவே பெரிய உபகாரம்.

அடுத்தது சாமான். மூன்றாம் வரிசையை விரித்தால் அதற்குப் பின்னால் பெட்டிகளை நிற்க வைக்கத்தான் இடம். மிச்சம் கூரைக்குப் போகிறது, அல்லது என் தலைக்குப் பின்னால் அடுக்கப்படுகிறது. கூரைக்குப் போனால் வண்டியின் ஈர்ப்பு மையம் மேலே ஏறும், ஏற்கெனவே உயரமான வண்டி இன்னும் எளிதில் கவிழப் பார்க்கும். கூரை தாங்கும் எடைக்கு ஒவ்வொரு வண்டிக்கும் வரம்பு உண்டு, பல வண்டிகளில் அது 100 கிலோவைத் தாண்டாது. என் தலைக்குப் பின்னால் அடுக்கினால், சட்டென்று பிரேக் போடும்போது பெட்டி எங்கே வரும் என்று பத்தாம் வகுப்புப் பிள்ளையே சொல்லும். ஏழு பேரின் எடையே 450 கிலோவை நெருங்கும். முழுச் சுமைக்கு டயரில் எவ்வளவு காற்று இருக்க வேண்டும் என்பது பெரும்பாலும் ஓட்டுநர் பக்கக் கதவருகே ஸ்டிக்கரில் இருக்கிறது. பின் டயருக்குத் தனி அளவு போட்டிருப்பார்கள். கிளம்பும் அன்று அதைப் பார்ப்பவர் யார்?

உயரத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 2500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத எஞ்சினின் திணறல் ஓட்டுபவருக்குத் தெரிந்துவிடும். பின்னால் ஒரு கிழவி பேசாமல் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தால் தூங்குகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். அந்த உயரத்தில் தலைவலியும் குமட்டலும் சேர்ந்து வந்தால் வளைவுகளின் மேல் மட்டும் பழியைப் போடக் கூடாது. மேலே ஏறுவதை நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டும், குறையாவிட்டால் கீழே இறங்க வேண்டும்.

சரி, என் கோரிக்கை இதுதான். இனி ஏழு இருக்கை வண்டியைப் பற்றி எழுதப்போகிற உங்கள் நிருபர், வேறொருவரை ஓட்டச் சொல்லிவிட்டு, மலைப்பாதையில் இரண்டு மணி நேரமாவது மூன்றாம் வரிசையில் உட்கார வேண்டும். தலைதாங்கி அவர் தலை வரை எட்டுகிறதா, பக்கவாட்டு ஏர்பேக் அந்த ஜன்னல் வரை வருகிறதா, ஏசி காற்று அங்கே வந்து சேர்கிறதா, யாருடைய உதவியும் இல்லாமல் அவர் இறங்க எவ்வளவு நேரமாகிறது, இதையெல்லாம் எழுதட்டும். சன்ரூஃபுக்கு ஒதுக்கிய பத்தியை எடுத்துவிட்டால் இடம் தாராளமாகக் கிடைக்கும். உட்கார வண்டி கிடைக்கவில்லை என்றால் எங்கள் வண்டிக்கு வரலாம். என் இடத்தைக் கொடுத்துவிட்டு நான் வீட்டிலேயே இருந்துகொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியை ஒருத்தி