அட்டை யார் வரைந்தது? தமிழ்ப் பதிப்பாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய பதிப்பாளர்களுக்கு,

வணக்கம். புத்தக அட்டை வரைந்து பிழைக்கிறவன் எழுதுகிறேன். உங்களில் பலருக்கு என் கோடு தெரியும், சிலருக்கு என் கைபேசி எண்ணும் தெரியும். ஏஐ படங்கள் எப்போது வந்தன, எவ்வளவு சீக்கிரம் நம் அட்டைகளில் ஏறி உட்கார்ந்தன என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

கரிசல் காட்டில் உழுது பிழைக்கும் சம்சாரி குடும்பத்தைப் பற்றிய ஒரு நாவல். எந்தப் பதிப்பகம் என்பது வேண்டாம். அதற்காக மூன்று பென்சில் ஓவியங்கள் அனுப்பியிருந்தேன், மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கிற கமலைக் காட்சி. கமலையைக் கண்ணால் பார்த்த தலைமுறை இல்லை நான். கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போய், எண்பதைத் தாண்டிய ஒரு தாத்தாவிடம் கேட்டுக் கேட்டு வரைந்தேன். வடத்தை எங்கே கட்டுவார்கள், மாடு பின்னால் நடந்து வரும்போது தண்ணீர் மொள்ளும் சால் எப்படி இறங்கும், மேலே வந்ததும் தண்ணீர் தும்பி என்கிற தோல் குழாய் வழியாக எப்படிக் கொட்டும் என்று அவர் குச்சியால் மண்ணிலேயே போட்டுக் காட்டினார். ஒரு நாள் பொழுது அதற்கே போயிற்று. ஓவியங்களை அனுப்பினேன். "நல்லா இருக்கு சார், ஆனா பட்ஜெட் இடிக்குது" என்று பதில் வந்தது. சரி, அது அவர்கள் பாடு என்று விட்டுவிட்டேன்.

நாலு மாதம் கழித்து அதே இடத்திலிருந்து அழைப்பு. "அட்டை ரெடி சார். சின்னக் கரெக்‌ஷன்தான், அரை மணி நேர வேலை. ஐந்நூறு ரூபாய் போட்டு விடுறோம்."

படத்தைத் திறந்தேன். ஏஐ போட்ட படம். கிணற்றுக்கு மேலே ஓட்டுக்கூரை. பக்கத்தில் கைப்பிடியைச் சுற்றி வாளி இறக்குகிற உருளை. ஐரோப்பியக் குழந்தைக் கதைகளில் வருமே, அந்தக் கிணறு. இரண்டு மாடுகள் பக்கத்தில் சும்மா நிற்கின்றன, கழுத்தில் நுகம் இல்லை, வடம் இல்லை. அவை எதற்காக அங்கே வந்தன என்று அவற்றுக்கே தெரியாது போலிருந்தது. கிணற்றடியில் நின்ற அம்மாள் முந்தானையை வலது தோளில் போட்டிருந்தாள். மூலையில் ஒரு கல்வெட்டு, அதில் தமிழ் மாதிரித் தெரியும் எழுத்துகள், ஒன்றுகூட எழுத்தில்லை. ஆனால் வேப்பமரம் மட்டும் நான் வைத்த இடத்திலேயே இருந்தது. அதன் நிழல் விழுந்த பக்கமும் அதேதான்.

"கிணத்தை மட்டும் நம்மூர்க் கிணறா மாத்திடுங்க சார்."

மாற்றிக் கொடுத்தேன். பெண்ணுக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய வாரம் அது. அரை மணி நேரம் என்றது இரண்டு இரவுகள் ஆனது. கிணற்றை மாற்றினால் மாட்டை மாற்ற வேண்டும், மாட்டை மாற்றினால் மண் சரிவை மாற்ற வேண்டும். அது தெரியாதவர்கள்தான் அரை மணி நேரம் என்பார்கள். புத்தகம் வந்தது. உரிமைப் பக்கத்தைப் புரட்டினேன். "அட்டை: பதிப்பக வடிவமைப்புக் குழு" என்று போட்டிருந்தது. அந்தக் குழுவில் நான் இருக்கிறேனா, வேப்பமரம் இருக்கிறதா, தெரியவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். உரிமைப் பக்கத்தில் ஒரு வரி. அட்டையை மனிதர் வரைந்திருந்தால் அவர் பெயர். ஏஐ உருவாக்கியிருந்தால் அதைச் சொல்லுங்கள். ஏஐ படத்தை ஒருவர் திருத்தியிருந்தால் இரண்டையும் சொல்லுங்கள்.

கணினிமேல் எனக்குப் பகை ஒன்றும் கிடையாது. பேனர் எழுதும் கடையில் தூரிகை கழுவித் தொழில் கற்றவன் நான். 2000க்குப் பிறகு ஃப்ளெக்ஸ் வந்து அந்தக் கடையை மூட வைத்தது. மாஸ்டர் ஊருக்குப் போனார், நான் கோரல் டிரா கற்றுக்கொண்டேன். மவுஸைப் பிடித்து ஒரு மூக்கு வரைவதற்குள் மணிக்கட்டு விட்டுப்போகும். அப்புறம் ஃபோட்டோஷாப், அப்புறம் பேனா டேப்லெட். இணையம் கொடுத்ததும் கொஞ்சமில்லை. ரெம்பிராண்டின் ஓவியத்தைத் தபால்தலை அளவில் மட்டுமே பார்த்திருந்தவன் நான். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம் 2022இல் 'நைட் வாட்ச்' ஓவியத்தை 717 ஜிகாபிக்சல் படமாக இணையத்தில் வைத்தது. சாயத்தில் விழுந்த வெடிப்புகளைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு அன்றிரவு தூங்கவே இல்லை.

அதே இணையத்தில்தான் நாங்களும் எங்கள் படங்களை விளக்கம் எழுதி அடுக்கி வைத்தோம். அதே 2022இல் வெளியான லயான்-5பி தொகுப்பில் 585 கோடிப் படங்களின் இணைப்புகள், அவற்றோடு இருந்த விளக்கங்களுடன் சேர்க்கப்பட்டிருந்தன. படம் போடுகிற ஏஐகளில் ஒன்றான ஸ்டேபிள் டிஃப்யூஷன் படித்தது அந்தத் தொகுப்பிலிருந்து எடுத்ததை வைத்து. வரைந்தவர்களை யாரும் கேட்கவில்லை. இதை எதிர்த்து 2023 ஜனவரியில் மூன்று ஓவியர்கள் அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். அது அங்கே நடக்கட்டும். நான் கேட்கும் ஒரு வரிக்கு வக்கீல் வேண்டாம்.

சட்டம் தெரிந்தவர்கள் உங்களிடம் இருப்பார்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 57ஆம் பிரிவு. இரண்டிலும் 57, மறக்காது. உரிமையை விற்ற பிறகும் படைப்பு தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் உரிமை படைத்தவருக்கு உண்டு என்கிறது. இன்னொன்றும் சொல்கிறேன். அமேசானின் கிண்டிலில் நூல் ஏற்றும்போது ஏஐ படம் இருக்கிறதா என்று 2023 செப்டம்பரிலிருந்து கேட்கிறார்கள். உங்களில் மின்னூல் போடுகிறவர்கள் அதற்குப் பதில் சொல்லித்தான் தீர வேண்டும். அமெரிக்கக் கம்பெனியிடம் சொல்கிறதை, காசு கொடுத்து வாங்குகிற வாசகரிடம் சொல்ல என்ன கூச்சம்?

மணியம், கோபுலு, லதா, மாருதி, ஜெயராஜ் என்று பத்திரிகை ஓவியர்களின் படத்தின் ஓரத்தில் கையெழுத்தைத் தேடிப் பார்த்து வளர்ந்த வாசகர்கள் நம்முடையவர்கள். அவர்களுக்குத்தான் இப்போது "குழு" என்று எழுதிக் கொடுக்கிறோம். வெளியீட்டு விழாவில் பேனர் கட்டியவருக்கும் மைக் செட்காரருக்கும்கூட மேடையில் நன்றி சொல்கிறீர்கள். அடுத்த விழாவில் அந்த மென்பொருளையும் மேடையேற்றி ஒரு பொன்னாடை போர்த்துங்கள். தோள் எங்கே என்று தேட வேண்டியிருக்கும், அவ்வளவுதான். ராயல்டி கேட்காது, அட்வான்ஸ் கேட்காது, "என் பணம் என்னாச்சு" என்று மூன்று முறை போன் செய்யாது. உங்களுக்குப் பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை.

மன்னிக்க வேண்டும், கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன். காகித விலை ஏறியது எனக்கும் தெரியும். நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் அரசு ஆணைக்குக் காத்திருந்து கடன் வாங்கி அச்சடிப்பவர்கள் உங்களில் இருக்கிறார்கள் என்பதும் தெரியும். ஏஐயே கூடாது என்று நான் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்க மாட்டீர்கள். ஒரு வரி சேர்ப்பதற்குக் காகிதம் கூடுதலாகச் செலவாகாது. உரிமைப் பக்கத்தில் பாதி காலியாகத்தான் இருக்கிறது.

ஜனவரிப் புத்தகக் காட்சிக்கான வேலைகள் ஓடிக்கொண்டிருக்கும். அச்சுக்குப் பிளேட் போடுவதற்கு முன் அந்தப் பக்கத்தை ஒரு தடவை திறந்து பாருங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

வணக்கத்துடன்,
அட்டை ஓவியன் ஒருவன்

பி.கு.: அந்த நாவலின் அட்டையில் வலது மாட்டுக்கு வடம் போட மறந்துவிட்டேன். இரண்டாம் பதிப்பு வரும்போது சொல்லுங்கள், போட்டுத் தருகிறேன். அதற்குப் பணம் வேண்டாம், பெயர் போட்டால் போதும்.